உங்களுக்குத் தெரியுமா? ஒழுங்கைகளால் இணையும் குடாநாடு

★ யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறி இறங்க ஒரு குன்றும் இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடும். யாழ். நகரத்திலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள், பருத்தித்துறை 35 கிலோமீற்றருக்குள். மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஆறுதலாக மிதித்தாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு மத்தியானத்துக்கு முன் அந்த இரண்டு கரைகளையும் தொட்டுவிடலாம். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை வகுக்கிற திட்டமிடலாளர்கள் இப்படியொரு சமநிலத்தைத்தான் முதலில் தேடுவார்கள். எங்களுக்கு அது இயற்கையாகவே கிடைத்திருக்கிறது.

★ மேடு இல்லாத ஊரில் காற்றுத்தான் மேடு. வைகாசி பிறந்ததும் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கத் தொடங்கும். பண்ணைப் பாலத்தில் தீவுப்பக்கம் போகிறவருக்கு அது முகத்துக்கு நேரே வரும். இரண்டு பக்கமும் கடல், மறைப்பதற்கு ஒரு பனைகூட இல்லை. அதே காற்று திரும்பி வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். மார்கழி, தையில் வாடை வீசும்போது எல்லாம் எதிர்மாறு. தீவுக்குப் போவது இலேசு, திரும்புவது பாடு. தீவகத்துக்குச் சைக்கிள் பாதை அமைத்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்குவது நல்லது என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். வெளியூர்க்காரருக்குத் தூரத்தைவிட முக்கியமான தகவல் அதுதான்.

★ தெருவுக்கே கூரை போட்ட இடம் ஒன்று பருத்தித்துறையில் இருக்கிறது. பெயர் தெருமூடி மடம். வீதியின் இரண்டு பக்கமும் உயர்த்திக் கட்டிய திண்ணைகள், அவற்றில் கல்தூண்கள், அவை தாங்கும் கூரை வீதிக்கு மேலாகவே போகிறது. பயணி வழியை விட்டு விலக வேண்டியதில்லை. நடந்து வந்த களைப்போடு அப்படியே ஒதுங்கித் திண்ணையில் சாயலாம். மாட்டுவண்டியும் மடத்துக்குள்ளால் போய்க்கொண்டிருக்கும். வெய்யில் நேரத்தில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் கட்டியவர்களின் கணக்கு விளங்கும். சுண்ணாம்புக்கல் குளிர்ந்திருக்கும், இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் காற்று தடையில்லாமல் ஓடும். நிழல் விழுவது நடக்கிறவன் தலைமீது. இன்றைக்குப் பேருந்துத் தரிப்பிடம் கட்டுகிற பொறியியலாளர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம் இது.

★ மடம் தனியே நிற்கவில்லை, அதற்குத் துணைகள் இருந்தன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒரு கல், தோளுயரம், அவ்வளவுதான். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். குடிக்கவும் கால் கழுவவும் கேணி. தினவெடுத்த மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். கோடையில் தண்ணீர்ப்பந்தல். நிழலுக்கு ஆலும் மருதும் வேம்பும். ஐரோப்பாவில் நடைபாதைக்குத் திட்டம் எழுதுபவர்கள் இன்ன தூரத்துக்கு ஓர் இருக்கை, இன்ன தூரத்துக்குக் குடிநீர் என்று கணக்குப் போடுகிறார்கள். எங்கள் ஊரவர்கள் அதை அறமாகச் செய்து வைத்தார்கள். மாட்டுக்கும் சேர்த்துச் செய்தார்கள் என்பதை நான் பெருமையோடு சொல்லுவேன்.

இவற்றில் பல இன்னும் நிற்கின்றன. சில வீதியை உயர்த்தித் தார் போட்டபோது பாதி புதைந்துவிட்டன, சில மதில்களுக்குள் அகப்பட்டுவிட்டன. கிராமம் கிராமமாக இவற்றைப் படம் எடுத்து வரைபடத்தில் குறித்தாலே நடைபாதை வலையமைப்பின் பாதி வேலை முடிந்த மாதிரி.

★ ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்திலும் அயலில் உள்ள பெல்ஜியத்திலும் சைக்கிள்காரர்கள் ஊர்ப்பெயரைப் பார்த்துப் போவதில்லை, எண்ணைப் பார்த்துப் போகிறார்கள். ஹூகோ பொலென் என்ற சுரங்கப் பொறியியலாளரின் யோசனை இது. நிலத்தடிச் சுரங்கத்தில் வழிகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுக்கும் முறையை அவர் நிலத்துக்கு மேலே கொண்டுவந்தார். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் முதல் வலையமைப்பு திறந்தது. அதன் பிறகு நெதர்லாந்து முழுவதும் பரவியது.

முறை மிக எளிது. ‘இதுதான் பாதை’ என்று ஒரே கோடாகக் கீறாமல், பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு பலகை, அயலிலுள்ள எண்களுக்கு அம்புக்குறி. போகிறவர் தனக்கு விருப்பமான எண்களை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். களைத்துப்போனால் அடுத்த எண்ணில் திரும்பி வீட்டுக்கு வருகிறார். பத்துக் கிலோமீற்றரும் போகலாம், நூறும் போகலாம், பலகை ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வழி சொல்வதே சந்தியை வைத்துத்தான். மருதனார்மடச் சந்தியில் திரும்பு, புத்தூர்ச் சந்தி தாண்டு, நெல்லியடிச் சந்தியில் கேள். சந்திகளுக்கும் ஒழுங்கை முடக்குகளுக்கும் எண் கொடுத்தால் போதும். புதிதாக ஓர் அங்குலம் தார் ஊற்ற வேண்டியதில்லை.

★ தீவகத்து வரைபடம் ஒருகாலத்தில் ஒல்லாந்து வரைபடம் போலவே இருந்தது. காரைநகர் ஆம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், ஊர்காவற்றுறையும் வேலணையும் உள்ள தீவு லெய்டன். ஆண்ட ஒல்லாந்தர் போனதும் அந்தப் பெயர்களும் போய்விட்டன. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

★ தீவகத்தில் ஓர் அழகான சுற்றுவழி ஏற்கெனவே இருக்கிறது. யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே கரையிலிருந்து காரைநகருக்குச் சைக்கிளோடு ஏறிப் போக மிதவை உண்டு. அந்த மிதவைக்கு ஊரில் ‘பாதை’ என்றே பெயர். கடந்து போகும்போது நீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை, மானிப்பாய் வழியாக நகருக்குத் திரும்பலாம். ஒரு நாளில் அடங்கும் பயணம். கடலுக்கு நடுவால் போகும் வீதிகள் இரண்டு, கடலைக் கடக்கும் மிதவை ஒன்று, வழிநெடுகக் கோயிலும் தேவாலயமும். ஆனால் அந்த மிதவை ஓடாத நாளில் சுற்றுவழி இல்லை, போன வழியே திரும்ப வேண்டியதுதான். பாதைத் திட்டம் என்றால் அந்த மிதவையின் நேர அட்டவணையும் அதற்குள் வர வேண்டும்.

★ குடாநாட்டில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மாரியில் மட்டும் ஓடும் ஆறு ஒன்று உண்டு, வழுக்கையாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கி, குளம் குளமாக நிறைத்துக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊர்களின் வயல்வெளிகளைத் தொட்டு, ஏறக்குறைய 15 கிலோமீற்றர் ஓடி அராலிப் பக்கத்தில் கடலேரியில் சேர்கிறது. வழியில் உள்ள கந்தரோடையில் சின்னஞ்சிறு பௌத்த தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. மாசி தொடங்கி ஆவணி வரை அதன் கரையோரம் நடக்கக் கூடிய காய்ந்த நிலம். ஐப்பசி பிறந்தால் அது தண்ணீரின் வழி, மனிதர் ஒதுங்க வேண்டும். குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் விழுகிறது. எனவே இங்கே கொங்கிறீற் நடைபாதை கட்டுவது தவறு. நீர் வடிகிற இடத்தை அடைத்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். ஆற்றங்கரையைத் துப்புரவாக்கி, ஆக்கிரமிப்பை அகற்றி, இரண்டு கரையிலும் மருது நட்டால் அதுவே நடைபாதை. நீரையும் காப்பாற்றும்.

★ யாழ்ப்பாணத்தின் நீண்ட நடைபாதைக்கு வரைபடமே தேவைப்படவில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண, யால காடுகளைக் கடந்து ஆடிவேல் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. போர்க்காலத்தில் தடைப்பட்டுப் பிறகு மீண்டது. வழியில் உள்ள ஊர்கள் சோறு போடுகின்றன, கோயில்கள் படுக்க இடம் தருகின்றன. அடியார் வேலோடு வந்தால் வாசலில் தண்ணீர் வைக்க எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை வழி கிட்டத்தட்ட மறைந்து போயிருந்தது. எலியாஸ் வலிஞ்ஞா என்ற பங்குத்தந்தை 1980களில் மஞ்சள் வீதிப்பூச்சை எடுத்துக்கொண்டு போய் வழியெங்கும் அம்புக்குறி வரைந்தார். இன்று உலகமே அந்த அம்புக்குறியைப் பின்தொடர்கிறது. சந்நிதி வாசலிலிருந்து குடாநாட்டு எல்லை வரையாவது ஒரு வேல் அடையாளம் வரைய எவ்வளவு செலவாகும்?

★ கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை மலையகத்தைச் சுற்றிப் போகும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி கொடுத்தன. தடங்களில் பெரும்பாலானவை தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏற்கெனவே இருந்தவை. மலையகத் தமிழரின் பாட்டனும் பாட்டியும் கொழுந்துக் கூடையோடு நடந்து பதித்தவை. இருந்ததைத் தொடுத்து அடையாளம் இட்டார்கள், அதுவே திட்டம். வடக்குக்கும் அந்த வழி பொருந்தும்.

★ தென்கொரியாவின் ஜேஜு தீவில் சூ மியுங் சூக் என்ற முன்னாள் பத்திரிகையாளர் 2007இல் முதல் நடைபாதையைத் திறந்தார். சந்தியாகோ வழியை நடந்து முடித்துவிட்டுத் தன் பிறந்த தீவுக்குத் திரும்பியவர் அவர். இன்று தீவைச் சுற்றி நானூறு கிலோமீற்றருக்கு மேல் பாதைகள். போகும் திசைக்கு நீல அம்புக்குறி, எதிர்த்திசைக்குச் செம்மஞ்சள் அம்புக்குறி, இரண்டு நிற நாடாக்களும் மரக்கிளைகளிலும் கம்பங்களிலும் கட்டியிருக்கும். கருங்கல் மதில்களுக்கு நடுவே வயல், வயலுக்கு அப்பால் கடல். நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

★ நெடுந்தீவைப் பார்க்கச் சைக்கிளே பொருத்தம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மட்டக்குதிரைகள், பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு எல்லாம் ஒன்றுக்கொன்று மிதிதூரத்தில். நன்னீர்க் கிணறுகளோ குறைவு. வருகிற ஒவ்வொருவரும் போத்தலில் தன் தண்ணீரைக் கொண்டுவருவது ஊருக்குச் செய்யும் மரியாதை.

★ நாட்டில் பெற்றோலைத் தேடி வரிசையில் நின்ற 2022இல் சைக்கிள் விலை ஏறியது, எல்லோருக்கும் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு அது புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊரே சைக்கிளில்தான் ஓடியது. விறகும் வெங்காயமும் நோயாளியும் போனது சைக்கிளிலேயே. மோட்டார் சைக்கிளை ஒரு துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இலட்சக்கணக்கானோரில் பலர் கட்டிலும் சட்டிபானையும் ஏற்றிய சைக்கிளை மிதிக்க இடமில்லாமல் மழையில் உருட்டிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பாலத்தால் இனிமேல் ஓய்வுக்காக ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போனாலும், அங்கே நின்று அந்த இரவை அறிந்துகொள்ள ஒரு பலகை அவசியம் வேண்டும்.

★ எங்கே பாதை கூடாது? முகமாலையில் கூடாது. உலகின் மிகப் பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்று அங்கே இருந்தது. போர் முன்னரங்கு பல ஆண்டுகள் அசையாமல் நின்ற நிலம். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், அவர்களில் பலர் பெண்கள், மண்டியிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி அகற்றிவருகிறார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ட இடத்தில் குறுக்குவழி என்ற பேச்சே இருக்கக் கூடாது. துப்புரவு முடிந்ததென்ற சான்றிதழ் கையில் இல்லாத காணிக்கு ஊடாக வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடுகூடப் போட வேண்டாம்.

★ வசாவிளான் வழியாகப் பலாலிக்குப் போகும், இராணுவம் மூடிவைத்திருந்த வீதி 35 ஆண்டுகளின் பின் 2025 ஏப்ரல் 10 அன்று மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. திறந்தபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அந்த வீதியால் நடந்து போகக் கூடாது என்பது. தங்கள் தோட்டக் காணியைக் கடந்து போகிற வீதியில் அப்போது இறங்கி நிற்க முடியாதவர்களாக இருந்தார்கள் அந்த ஊர் மக்கள். வலிகாமம் வடக்குக்கு ஊடாக நடைபாதை வர வேண்டுமென்றால் அதன் முதல் அடியை அந்த ஊரவர்கள் எடுத்துவைக்க வேண்டும், அதன் பிறகே உல்லாசப் பயணி. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

★ சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்த பிறகு நீண்டதூரச் சைக்கிள்காரருக்கு ஒரு பெரிய வட்டம் கிடைத்திருக்கிறது. நாவற்குழி, சங்குப்பிட்டி, பூநகரி, பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம் வழியாக மறுபடி யாழ்ப்பாணம். நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். விடியற்காலையில் புறப்பட வேண்டும். பூநகரிக்கும் பரந்தனுக்கும் இடையில் நிழல் அரிது.

★ வடமராட்சிக் கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகள் காற்றோடு இடம் மாறுபவை. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்களைச் சுற்றி மணல் ஏறியிருப்பதைக் காணலாம். அங்கே நடைக்கு மட்டும் இடம், சக்கரத்துக்கு இல்லை. மேட்டின் கொடிகளை மிதித்துக் கிளப்பினால் மணல் ஊருக்குள் வரும். இன்னும் தெற்கே சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவானது. மாரி முடிந்த கையோடு பூநாரைகள் வந்திறங்கும் காலத்தில் பாதையைக் கரையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

★ நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் ஓடாது. ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள், வெண்மணல் விரித்த வீதியில் குழந்தைகள் ஓடுகிறார்கள். அந்த ஏற்பாட்டால் வியாபாரம் படுத்ததாக நான் அறிய ஒருவரும் சொன்னதில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வேறு இரண்டொரு வீதிகளிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

★ சைக்கிளுக்கும் உரிமம் உண்டு. உள்ளூராட்சி மன்றங்கள் துவிச்சக்கர வண்டிக்கு ஆண்டுதோறும் உரிமம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கட்டணம் வாங்குபவர்களிடம் ஒரு நிழல்மரம் கேட்பது நியாயம்தானே.

★ யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். மொத்தம் 17. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், அடுத்த தர வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம், ஒழுங்கைகள் பிரதேச சபையிடம். பிரதான வீதியில் சைக்கிளுக்குத் தனிக்கோடு போடக் கொழும்பைக் கேட்க வேண்டும். ஒழுங்கையில் பலகை நட ஊர்ச் சபையின் தீர்மானம் போதும். பஸ்சும் ரிப்பரும் விரட்டாத பாதை எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கிறது. ஒரு சபையின் எல்லையில் தொடங்கும் பாதை அடுத்த சபையின் எல்லையில் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் சிக்கல். 17 சபைகளும் ஒரே நிறத்தில், ஒரே எண் வரிசையில் பலகை நட ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாட்டுக்குக் காசு தேவையில்லை.

★ கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மதில் எழும்பாத ஒழுங்கை எது, நிழல் விழுகிற சந்தி எது, சுமைதாங்கியும் கேணியும் மடமும் எங்கே, மாரியில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், ஒட்டுப்போடவும் காற்றடிக்கவும் சைக்கிள் கடை எங்கே என்று ஒரு தாளில் எழுதுங்கள். வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியதை உங்கள் வட்டாரப் பிரதேச சபை உறுப்பினரின் கையில் கொடுத்து, அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் கொடுத்தால் இந்த மாரியிலேயே மரக்கன்று நடலாம்.